கல்லுக்காலில் ஒரு குத்துப்பந்து: ஓர் எதிர்வினை

சென்ற மாதக் கூடுகையில் எங்களுள் ஒருவர் ஆறு பக்கக் கட்டுரையொன்றை வாசித்தார். ஆலங்குடிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில், நாட்டு ஓடு வேய்ந்த வீட்டின் மாட்டுக் கொட்டகையில், குத்துச்சண்டைப் பயிற்சிக்குரிய ஸ்பீட் பேக் பலகையொன்றை நாங்கள் ஐவர் சேர்ந்து நிறுவிய கதை அது. கதை என்றுகூடச் சொல்ல இயலாது. எந்த மரம், எத்தனை அங்குலக் கனம், எந்த போல்ட் கழன்றது, ஏன் கழன்றது, பிறகு என்ன செய்தோம் என்கிற விவரங்களே அதில் மிகுதி. வாசித்து முடித்துத் தேநீர் வருவதற்குள் மூன்று கண்டனங்கள் வந்துவிட்டன.

முதலாவது எங்கள் மதிப்பிற்குரிய மூத்த நண்பருடையது. "இது கடைக்காரன் பெட்டியில் போட்டுத் தருகிற துண்டுச் சீட்டு. இலக்கியம் பேசக் கூடும் இடத்தில் நட்டுக்கும் போல்ட்டுக்கும் என்ன வேலை?" என்றார். இரண்டாவது, இடதுசாரி நண்பர் ஒருவருடையது: அரசு செய்து தர வேண்டியதை மாட்டுக் கொட்டகையில் செய்துவிட்டு அதைச் சாதனையாகப் பேசுவது அரசுக்குச் செய்யும் உபகாரம். மூன்றாவது, குத்துச்சண்டை அறிந்தவர் என்று நாங்கள் நம்புகிற ஒருவருடையது: ஸ்பீட் பேக் வெறும் கைவித்தை, அதனால் ஒருவரையும் அடிக்கக் கற்க முடியாது.

மூவருக்கும் அன்றே பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சபை நாகரிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் எங்களுக்கு நாவெழவில்லை. வீடு திரும்பிய பிறகுதான் எல்லாப் பதில்களும் வரிசையில் வந்து நின்றன. அவற்றை இங்கே எழுதி வைக்கிறோம்.

முதலில் பொருள் இன்னதென்று சொல்லிவிடுவோம். பேக் என்ற பெயர் இருந்தாலும் அது பை அன்று. பேரிக்காய் வடிவில் தைத்த தோல் உறைக்குள் காற்றடைத்த ரப்பர்ப் பை வைத்த பந்து. நாங்கள் குத்துப்பந்து என்றே அழைக்கிறோம். தரைக்கு இணையாக நிறுத்திய வட்டப் பலகையின் அடிப்புறத்து நடுவில், எத்திசையிலும் சுழலும் ஒரு கொக்கியில் அது தொங்குகிறது. குத்தினால் பந்து முன்னே போய்ப் பலகையில் மோதும், திரும்பி வந்து பின்புறத்தில் மோதும், மறுபடி முன்னே போய் மோதும். அது திரும்பி வருகையில் அடுத்த குத்து. ஆக ஒவ்வொரு குத்துக்கும் இடையே மூன்று மோதல்கள். தாளம் தெரிந்தவர்கள் இதற்குள் கண்டுகொண்டிருப்பார்கள்: தகிட, தகிட. பழகாத கை ஒரு நிமிடத்துக்கு நூறு குத்து விட்டாலும் பத்து நிமிடத்தில் ஆயிரம் குத்து, பலகையின்மேல் மூவாயிரம் மோதல். இந்த மூவாயிரத்தை மனத்தில் வையுங்கள். எங்கள் துயரமெல்லாம் இதிலிருந்துதான் தொடங்கிற்று.

யாருக்காக இந்த முயற்சி என்பதையும் சொல்ல வேண்டும். எங்களுள் ஒருவரின் அண்ணன் மகள், பதின்மூன்று வயதுப் பெண். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் லவ்லினா போர்கோஹெய்ன் வெண்கலம் பெற்றதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாள்தொட்டு அவளுக்கு அதே நினைவு. பெண்களுக்கான குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் சேர்ந்ததே 2012 இலண்டன் போட்டியில்தான். அதில் மேரி கோம் பெற்ற வெண்கலம் அவளுக்குப் புராணக் கதை. ஊரிலிருந்து பயிற்சி கிடைக்கும் இடத்துக்குப் போகவும் வரவும், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, மூன்று மணி நேரம். வாரத்துக்கு ஒரு நாள் போக விட்டார்கள். மற்ற ஆறு நாட்களுக்கு வழி கேட்டாள். அவ்வளவுதான்.

இணையக் கடையில் ஒரு பலகையை வாங்கினோம். ஏழாயிரத்துச் சொச்சம். பெட்டியில் ஒரு தாள் இருந்தது. பலகையின் இரும்புக் கரங்களைச் சுவரினுள் பதினாறு அங்குல இடைவெளியில் நிற்கும் மரக்கால்களில் திருகச் சொல்லிற்று அத்தாள். அமெரிக்க வீடுகளின் உட்சுவர்கள் அப்படித்தான் கட்டப்படுகின்றன: பதினாறு அங்குலத்துக்கொரு மரக்கால், மேலே ஜிப்சம் பலகை. அந்தத் தாளை எழுதியவர்மேல் எங்களுக்கு வருத்தமில்லை. அவர் தம் வீட்டைப் பார்த்து எழுதினார். அதை அப்படியே பெட்டியில் மடித்துப் போட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அனுப்புகிறார்களே, அவர்கள் எந்த வீட்டைப் பார்த்தார்கள்?

எங்கள் வீட்டுச் சுவரில் மரக்கால் இல்லை. செங்கல், மண் சாந்து, மேலே சுண்ணாம்புப் பூச்சு. எண்பது வயதுச் சுவர். டிரில் போட்டு ஆங்கர் போல்ட் இறக்கி இறுக்கினோம். இறுகியது போலத்தான் இருந்தது. நான்காம் நாள் மாலை, அவள் பந்தைக் கழற்றிக் காற்றுப் பார்க்கத் திண்ணைப் பக்கம் வந்த அந்த நிமிடத்தில், மேல் வரிசை போல்ட்டுகள் இரண்டும் செங்கல் தூளோடு வெளியே வந்து, பலகை முழுவதும் கீழே மடிந்து விழுந்தது. அரை நிமிடம் முந்தியிருந்தால் அவள் தலைமேல். இதை எழுதுகையில் இப்போதும் கை சற்று நடுங்குகிறது.

இந்த இடத்தில்தான் எங்கள் மூத்த நண்பரை நிறுத்திக் கேட்க விரும்புகிறோம். ஐயா, அந்த போல்ட் ஏன் வெளியே வந்தது என்பதைத் தமிழில் எழுதுவது துண்டுச் சீட்டு வேலையா? ஆங்கர் போல்ட் துளைக்குள் விரிந்து பக்கச் சுவர்களை நெருக்கிப் பிடிப்பதால் நிற்கிறது. கான்கிரீட்டில் பிடிக்கும். மென்மையான பழஞ்செங்கலில் நெருக்க நெருக்கச் செங்கல் பொடியும். மண் சாந்தில் இறக்கினால் நழுவும். மேலும், சுவரிலிருந்து இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகையின் பாரம் நேர் கீழே இழுப்பதோடு நிற்பதில்லை. கதவின் மேல்கீலை நினைத்துப் பாருங்கள். கீழ் போல்ட்டைச் சுவருக்குள் அழுத்துகிற அதே பாரம் மேல் போல்ட்டைச் சுவரைவிட்டுப் பறிக்கப் பார்க்கிறது. தகடு எவ்வளவு குட்டையோ, அவ்வளவு வலிமையாகப் பறிக்கும். அதன்மேல் நாளுக்கு மூவாயிரம் தட்டல். பறிக்காமல் என்ன செய்யும்? இவ்வளவும் அறிந்த ஒருவர் அறிந்த மொழியில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் நாங்கள் அந்தச் சுவரைத் தொட்டிருக்கவே மாட்டோம். தேடினோம். சார்பட்டா பரம்பரை 2021இல் வெளியான பின் குத்துச்சண்டை பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் எங்கள் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தோம். வடசென்னை, நெருக்கடி நிலை, சாதி, ஆண்மை, படிமம், குறியீடு எல்லாம் இருந்தன. பயனுள்ள கட்டுரைகள்தாம், எங்கள் கூடுகையிலேயே நான்கு வாசிக்கப்பட்டன, அவற்றில் இரண்டை எழுதியவர்கள் நாங்களே. ஒரு பந்தை எதில், எப்படித் தொங்கவிடுவது என்று ஒருவரும் எழுதியிருக்கவில்லை. நாங்களும் எழுதவில்லை.

அளவு சொன்னால் இலக்கியம் தீட்டுப்பட்டுவிடும் என்கிற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. பழையவர்களிடமிருந்து வரவில்லை என்பது மட்டும் உறுதி. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் திறந்து பாருங்கள். மாதவி ஆட வரும் முன்பே இளங்கோவடிகள் மேடையைக் கட்டி முடித்துவிடுகிறார். மண் பார்த்து நிலம் தேர்வதைச் சொல்கிறார். பொதிய மலை மூங்கிலில் கணுவுக்குக் கணு ஒரு சாண் அமைந்ததை எடுத்து, இருபத்து நான்கு விரல் அளவாக ஒரு கோல் செய்வதைச் சொல்கிறார். அந்தக் கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். மேலேயுள்ள உத்தரப் பலகைக்கும் அரங்கின் பலகைக்கும் இடையே நான்கு கோல். (எங்கள் பலகையின் குறுக்களவு இருபத்து நான்கு அங்குலம். விரலும் அங்குலமும் ஒன்றல்ல என்று தெரியும். இருந்தாலும் நண்பர் ஒருவர் இதைக் கண்டுபிடித்துவிட்டு ஒரு நாள் முழுதும் தரையில் கால் பாவாமல் திரிந்தார்.) அந்தக் கோலளவுகளை நீக்கிவிட்டால் காதைக்குக் குறையொன்றும் இல்லை என்று மூத்த நண்பர் சொல்வாரா? நெடுநல்வாடையில் நாட்டிய கோல்களின் நிழல் பார்த்துத் திசை குறித்து நூலிட்டு அரண்மனை வகுப்பதை நக்கீரர் சொல்கிறார். அரசியின் கட்டிலுக்கு வந்தால் இன்னும் விசேடம்: நாற்பது வயதான யானை, தானே வீழ்ந்த தந்தம், அதைச் செதுக்கிய உளியின் நுட்பம். பிரிவாற்றாமை சொல்ல வந்த புலவருக்குத் தந்தம் எங்கிருந்து கிடைத்தது என்பது முக்கியமாக இருந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டிலும் பெ.நா. அப்புசாமி போன்றோர் கருவிகளையும் இயற்கை விதிகளையும் நல்ல தமிழில் எழுத வாழ்நாளைச் செலவிட்டார்கள். அவரை நாம் அறிவியல் அலமாரியில் வைத்துவிட்டு, இலக்கிய அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டோம்.

நிற்க. கட்டில் என்றதும் மரத்துக்கு வர வேண்டியிருக்கிறது.

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் கரையேறிற்று. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் தென்னையும் பலாவும் என்ன ஆயின என்பதை அங்குள்ளவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அந்த வீட்டுக் கொல்லையில் நின்ற பலாவும் வேரோடு சாய்ந்தது. பெண்ணின் தாத்தா வைத்த மரம். எல்லோரும் கிடைத்த விலைக்கு மரங்களை வெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது அப்பத்தா இந்த ஒன்றை மட்டும் விற்க விடவில்லை. அறுப்பு மில்லுக்கு அனுப்பிப் பலகையாக அறுத்து, இடையிடையே குச்சி கொடுத்து அடுக்கி, பரணில் ஏற்றி வைத்தார். பேத்தியின் கல்யாணக் கட்டிலுக்கு.

சுவரில் விழுந்த அந்தக் கடைப் பலகை துகள் அட்டையால் ஆனது. விழுந்ததில் ஓரம் பிளந்து போயிற்று. அது பிளக்காமல் இருந்தாலும் பெரிய பயன் இருந்திராது. பந்து மோதும்போது பலகை அசையக் கூடாது. அசைந்தால் குத்தின் விசையில் ஒரு பங்கைப் பலகை தின்றுவிடும், பந்து சோம்பித் திரும்பும், தகிட என்பது தகி...ட என்றாகிவிடும். ஆகவே கனமான பலகை வேண்டும், அதைத் தாங்கும் சட்டம் அதைவிட இறுக்கமாக வேண்டும். தேக்கு வாங்கப் பணமில்லை. பிளைவுட்டை இரண்டடுக்காகப் பெவிகால் வைத்து ஒட்டுவதென்று முடிவு செய்திருந்தோம். அதுவே எளிய வழி, நகரத்து நண்பர்களுக்கு அதையே பரிந்துரைக்கிறோம். பெண்தான் பரணைப் பார்த்தாள்.

அப்பத்தாவிடம் கேட்கும் துணிச்சல் எங்கள் ஐவரில் ஒருவருக்கும் இல்லை. அவளே கேட்டாள். பதில் உடனே வரவில்லை. மூன்றாம் நாள் காலை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே அவர் சொன்னது: "கட்டுலுன்னா எப்ப வேணும்னாலும் கடையில வாங்கிக்கலாம்டி ஆத்தா. ஒங்க தாத்தா மரம் ஒனக்கு இப்ப வேணுங்குற. எடுத்துக்க. ஆனா நாலு பலவைக்கு மேல தொடாத." இந்த வாக்கியங்களை நாங்கள் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. துண்டுச் சீட்டில் இதற்கு இடமுண்டா என்று மட்டும் கேட்டு மேலே செல்கிறோம்.

ஆசாரி அண்ணன் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பலாவா? இது மத்தளம் ஆகியிருக்க வேண்டிய மரமாச்சே" என்றார். மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் பலாக் கட்டைதான். கஞ்சிராவின் வளையமும் பலாதான். அங்கேதான் எங்களுக்குப் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை நினைவுக்கு வந்தார். பஜனையில் தட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு தோற்கருவியைத் தமக்கேற்றபடி திருத்திக் கச்சேரி மேடையில் மிருதங்கத்துக்கு அருகே உட்கார வைத்தவர் அவர். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை அந்த வழியை மேலும் பெருக்கினார். இன்று கர்நாடக இசையில் புதுக்கோட்டை பாணி என்று பேசுகிறார்களே, அது கையிலிருக்கும் பொருளைக் கண்டபடியே ஏற்க மறுத்த ஒருவரிடமிருந்து கிளைத்தது. கஞ்சிராவுக்கு உடும்புத்தோல் போர்த்தினார்கள். பிறகு வனவிலங்குச் சட்டம் உடும்பைக் காத்தது. ஆட்டுத்தோலுக்கும் செயற்கைத் தோலுக்கும் மாறினார்கள். கருவி நின்றது. கருவி என்றால் திருத்தத் திருத்தத்தான் நிற்கும். வாங்கிய பொருளை வாங்கியவாறே வைத்து விழுந்து கும்பிடுவது புதுக்கோட்டைக்காரன் வழக்கமில்லை என்று சற்றே ஊர்ப்பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம்.

மரத்தில் ஆசாரி அண்ணன் எங்களைத் திருத்தியது ஓரிடத்தில். பலகைகளைக் குறுக்கும் நெடுக்கும் இரண்டடுக்காக ஒட்டிவிடலாம் என்றோம். "பிளைவுட்டை ஒட்டு. முழு மரத்தை அப்படி ஒட்டாதே, ஐப்பசி மழையில் ஊதும், சித்திரையில் சுருங்கும், நீ ஒட்டிப் பிடித்தால் நடுவில் வெடித்துக்கொள்ளும்" என்றார். ஒன்றரை அங்குலக் கனத்தில் இழைத்து, பக்கத்துக்குப் பக்கம் பிணைத்து, மேற்புறம் இரண்டு குறுக்குச் சட்டம். சட்டத்தின் திருகுத் துளைகளை வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் விட்டார். மரம் ஊதினால் நகர்ந்துகொள்ள வழி. அடிப்புறம், பந்து மோதும் வட்டத்துக்குள் ஒரு திருகின் தலைகூட நீட்டாது, முடிச்சில்லாத முகம். அப்படி ஆக்கியும் பலகை ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. போதவில்லை. தாத்தா மளிகைக் கடை வைத்திருந்த காலத்து ஐந்து கிலோ இரும்பு எடைக்கல் இரண்டு தாழ்வாரத்தில் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பலகையின் முதுகில் தகடு வைத்துப் பூட்டினோம். அந்த மாலை பந்தின் குரலே மாறிவிட்டது.

எதில் தொங்கவிடுவது என்கிற கேள்விக்கு விடை கண்டவர் பட்டறைக்காரர். விட்டத்தில் தொங்கவிடலாமா என்றதற்குச் சிரித்தார். ஓட்டுக் கூரையை நாளுக்கு மூவாயிரம் முறை தட்டினால் ஓடு ஒவ்வொன்றாக இறங்கி வரும். சுவரை ஊடுருவித் துளைத்து மறுபுறம் இரும்புத் தகடு வைத்து இறுக்கலாம், பழஞ்சுவருக்கு அதுவே முறையான வழி. ஆனால் மறுபுறம் சாமி அறை. (கான்கிரீட் கூரை உள்ளவர்களுக்கு இந்தத் துன்பங்கள் பாதிக்குப் பாதி குறைவு. நான்கு மரையுள்ள கம்பிகளை ஆங்கர் போட்டுக் கூரையிலிருந்து இறக்கி, பக்கவாட்டில் ஆடாமல் சாய்கம்பி கொடுத்தால் முடிந்தது. காரை உதிர்ந்து கம்பி துருவேறித் தெரிகிற கூரையென்றால் கிட்டேயே போக வேண்டாம்.) கடைசியில் அவர் கொட்டகையைக் காட்டினார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் மாட்டுக் கொட்டகைக்கும் வேலிக்கும் கருங்கல்லைத் தூணாக உடைத்து நடுவது வழக்கம், கல்லுக்கால் என்போம். இருபது சென்டிமீட்டர்ச் சதுரத்தில் எட்டடிக் கல்லென்றால் ஏறத்தாழக் கால் டன். அடிப்பகுதி புதைந்து, தலைமுறையாக அசையாது நிற்பது. அருகருகே அப்படி இரண்டு.

கல்லில் துளையிடவில்லை. முன்னொரு சேனல், பின்னொரு சேனல், நடுவில் இரண்டு கல்லையும் அணைத்து நீண்ட போல்ட்டுகளால் இறுக்கினோம். இரும்புக்கும் கல்லுக்கும் நடுவே லாரி டியூபை வெட்டி வைத்தது அதிர்வையும் சத்தத்தையும் விழுங்கிற்று. முதலில் சிக்கனம் பார்த்து வெறும் ஆங்கிள் போட்டோம். தம்பூரா மாதிரி ரீங்காரமிட்டது. சேனலுக்கு மாற்றிச் சாய்கால் கொடுத்த பிறகே அடங்கிற்று. அதிலிருந்து ஒன்றுக்குள் ஒன்று நுழையும் சதுரக் குழாய்களில் பலகை இறங்குகிறது. இரண்டு அங்குலத்துக்கு ஒரு துளை. பந்தின் பருத்த வயிறு குத்துபவரின் மோவாய்க்கு நேராக இருக்க வேண்டுமென்பது கணக்கு, அவளோ வளர்ந்துகொண்டிருக்கிறாள். குழாய்க்குள் குழாய் எவ்வளவு நெருக்கமாக நுழைந்தாலும் சற்று ஆடும். வெளிக்குழாயின் பக்கத்தில் நட்டு வைத்து வெல்டு செய்து, அதன் வழியே ஒரு போல்ட்டை உள்ளே முறுக்கி அழுத்தினால் அந்த ஆட்டமும் போய்விடும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. இதைப் படிக்கும் உங்களுக்கு அரை நிமிடம். எழுதுவதன் பயன் இதுவென்றே நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ரசமட்டம் வைத்துப் பார்ப்பதை மறக்காதீர்கள். பலகை ஒரு பக்கம் சாய்ந்தால் பந்து அந்தப் பக்கமே ஓடும்; பழகுபவர் பிழை தம்முடையது என்று எண்ணி மனம் நொந்து போவார். எங்கள் பெண் நொந்து போனாள்.

இனி இடதுசாரி நண்பருக்கு. அவர் சொன்னதில் பாதி உண்மை, அதுவும் கனமான பாதி. இந்த மாவட்டத்தின் கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி சௌந்தர்ராஜன் 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையின் பேரால் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. பின்னர் செங்கல் சூளையில் வேலை பார்த்தார். 2016இல்தான் தமிழ்நாடு அரசின் நிரந்தரப் பயிற்சியாளர் பணி அவருக்குக் கிடைத்தது. பத்தாண்டு. ஓர் ஓட்டக்காரியின் ஆயுளில் பத்தாண்டு என்பது முழு ஆயுள். அரசும் சங்கங்களும் செய்ய வேண்டியவற்றைச் செய்யாதபோது யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை அந்தப் பக்கத்து மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பயிற்சிக் கூடம் கேட்டு நாங்களும் மனு எழுதியிருக்கிறோம், மூன்று முறை. நண்பரும் கையெழுத்திட்டிருக்கிறார். நான்காவதையும் எழுதுவோம்.

ஆனால் அவருடைய மற்றப் பாதியை ஏற்க இயலாது. கூடம் வரும் வரைக்கும் அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கோரிக்கை வலுவிழந்துவிடும் என்பது, அவளுடைய பதின்மூன்று வயதை நம்முடைய வாதத்துக்குச் சாட்சியாக நிறுத்துவது. சாட்சிக் கூண்டில் நிற்க அவள் சம்மதம் கேட்டோமா? கொட்டகையில் பந்து அடிக்கிற பெண் ஒருத்தி இருந்ததால் அதிகாரி எவரும் கோப்பை மூடியதாகக் கேள்விப்பட்டதில்லை. உள்ளூரில் அடிக்கிறவர் ஒருவருமில்லை என்று சொல்லித் திருப்பியனுப்பியதைத்தான் எங்கள் காதால் கேட்டிருக்கிறோம். இப்போது ஒருத்தி இருக்கிறாள். பக்கத்துத் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள்.

மூன்றாவது நண்பரோடு எங்களுக்குப் பெரிய சண்டையில்லை. ஸ்பீட் பேக் குத்தின் வலிமையைத் தராது, உண்மைதான். எதிராளி பேரிக்காய் வடிவில் தொங்கிக்கொண்டிருப்பதில்லை. கையைத் தாழ விடாமல் தோளுயரத்தில் வைத்திருக்கும் பொறுமை, கண்ணுக்கும் கைக்கும் இடையே ஒரு தாளம், தோளுக்கு நீண்ட மூச்சு, இவ்வளவுதான் அது தருவது. ஒரு பெண் தனியாக, துணையாள் இல்லாமல், மணிக்கட்டுக்குப் பட்டி சுற்றிக்கொண்டு அரை மணி நேரம் செய்யக்கூடியது வேறென்ன இருக்கிறதென்று அவரே சொல்லட்டும். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோடு நேரு விளையாட்டரங்கில் காட்சிக்காக மோதினார். அதைப் பார்த்தவர்கள் இன்றும் அவருடைய காலைப் பற்றியும் தாளத்தைப் பற்றியும்தான் முதலில் பேசுகிறார்கள். வித்தை என்று ஒதுக்கினால் அவரையும் சேர்த்தே ஒதுக்க வேண்டிவரும்.

குறைகளும் உண்டு. மறைக்கவில்லை. முதல் இரண்டு நாள் சத்தத்தில் கறவை மாடு மிரண்டு பால் விடவில்லை. அப்பத்தா அந்த இரண்டு நாளும் எங்களோடு பேசவில்லை. இப்போது கறவை நேரத்தில் பந்தைத் தொடுவதில்லையென்று ஒப்பந்தம். கடையில் வந்த சுழல்கொக்கி மூன்று மாதத்தில் தேய்ந்து போயிற்று. வேறு வாங்கினோம், வாரத்துக்கொரு சொட்டு எண்ணெய் விடுகிறோம். பந்தில் காற்றைக் கல்லாக ஏற்றக் கூடாது. வேகம் கூடும் என்று எண்ணி ஏற்றினால் தையலும் கொக்கியும் சேர்ந்து கெடும். கற்பவருக்குச் சற்றுப் பெரிய பந்து, சற்று இளகிய காற்று.

மூத்த நண்பர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். கட்டுரையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவருடைய பேரன் திருச்சியில் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் தளத்தில் இருக்கிறானாம்; கீழ்வீட்டுக்காரர்களுக்குச் சத்தம் கேட்காமல் ஒரு பலகை மாட்ட வழியுண்டா என்று கேட்டார். கூரையில் மாட்ட வேண்டாம், சத்தம் மேல்வீட்டுக்குப் போகும். தனித்து நிற்கும் இரும்புச் சட்டம் செய்து, அடியில் மணல் மூட்டை ஏற்றி, கால்களுக்குக் கீழே டயர்த் துண்டு வைக்கச் சொல்லியிருக்கிறோம். சட்டத்தின் அளவுகளை எழுதி அனுப்பச் சொன்னார். இரண்டு பக்கம் வந்திருக்கிறது. நாளை தபாலில் சேர்க்கிறோம்.